இணைய வீடியோவுக்கு விமர்சனம் எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு வீடியோவுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கலாமா, ஒதுக்கினால் காரியம் கைகூடுமா என்று தெரிந்துகொள்ள நினைக்கும் ஒருவருக்காகத்தான் விமர்சனம் எழுதுகிறோம். வீடியோ எடுத்தவர் அதைப் படித்து மகிழ்வதும் முகம் சுளிப்பதும் இரண்டாம்பட்சம். புதிதாக எழுத வருபவர்களின் முதல் வரைவுகளைத் தொடர்ந்து படித்துவருகிறேன். அவற்றில் மொழிநடைக் கோளாறு குறைவு. எழுத உட்காருவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளை வரிசை தப்பிச் செய்வதால் வரும் கோளாறுதான் அதிகம். பார்த்த சூட்டோடு எழுதிவிட்டு, அதற்கு ஆதாரம் தேட மறுபடியும் வீடியோவுக்குள் போகிறார்கள். தேடினால் கிடைக்கத்தான் செய்யும். அதனால் கருத்து சரியாகிவிடாது.

இங்கே எடுத்துக்காட்டுக்கு இட்லி மாவு அரைக்கக் கற்றுத்தரும் யூடியூப் வீடியோ ஒன்றைக் கற்பனையாக வைத்துக்கொள்கிறேன். பேட்டி, குறும்படம், பயண வீடியோ ஆகியவற்றுக்கு அளவுகோல்கள் வேறு. செய்முறை வீடியோவில் பழகுவது எளிது. அதில் சொன்னது சரியா தவறா என்பதை நம் வீட்டு அடுப்பே சொல்லிவிடும்.

1. முன்னதாக வேண்டியவை

கணினி, ஹெட்போன், ஒரு நோட்டு. கைப்பேசியில் பார்த்துக்கொண்டே குறிப்பெடுப்பது தொல்லை. குறிப்பு எழுத வேறு செயலிக்குப் போனால் வீடியோ நின்றுவிடும் அல்லது மறைந்துவிடும்.

கணினியில் யூடியூபுக்குச் சில விசைகள் உண்டு. கே விசை நிறுத்தும், ஓட்டும். ஜே பத்து நொடி பின்னால் போகும், எல் பத்து நொடி முன்னால் போகும். நிறுத்திய நிலையில் காற்புள்ளி விசையும் முற்றுப்புள்ளி விசையும் படத்தை ஒவ்வொரு சட்டமாக (ஃபிரேமாக) பின்னும் முன்னும் நகர்த்தும். இவை கைக்குப் பழகிவிட்டால் ஐந்தாம் படியில் பாதி நேரம் மிச்சமாகும்.

நோட்டில் மூன்று நெடுவரிசைகள் போடுங்கள்: நேரம், கண்டதும் கேட்டதும், என் எண்ணம். இரண்டாவதையும் மூன்றாவதையும் ஏன் பிரிக்க வேண்டும் என்று கேட்பார்கள். பிரிக்காவிட்டால் இரண்டு நாள் கழித்துப் படிக்கும்போது எது வீடியோவில் இருந்தது, எது நாமாக நினைத்தது என்பது நமக்கே தெரியாமல் போகும்.

2. எந்த வீடியோவை எடுப்பது

முதல் விமர்சனத்துக்கு எட்டு முதல் பதினைந்து நிமிட வீடியோ போதும். ஷார்ட்ஸில் ஆராய இடம் குறைவு. ஒரு மணி நேர வீடியோவை மூன்று முறை பார்க்கும் பொறுமை தொடக்கத்தில் யாருக்கும் இருப்பதில்லை.

பொருள் உங்களுக்கு ஓரளவு தெரிந்ததாக இருக்கட்டும். ஒன்றுமே தெரியாவிட்டால் தவறு கண்ணில் படாது. கரைத்துக் குடித்தவராக இருந்தால் புதியவர் எங்கே தடுக்கி விழுவார் என்பது மறந்துபோயிருக்கும்.

நண்பரின் வீடியோ வேண்டாம். ஏற்கெனவே எரிச்சல் மூட்டிய சேனலும் வேண்டாம். இரண்டிலும் தீர்ப்பு முதலிலேயே எழுதப்பட்டிருக்கும்.

3. ஓட்டுவதற்கு முன் வாக்குறுதியை எழுதிவைத்தல்

புதியவர்கள் அனேகமாக எல்லோரும் தவறவிடும் படி இது. வீடியோவை ஓடவிடும் முன் தலைப்பு, தம்ப்நெயிலில் (வீடியோவின் முகப்புப் படத்தில்) உள்ள எழுத்து, நீளம், வெளியான தேதி, விளக்கப் பகுதியின் முதல் வரிகள் ஆகியவற்றை நோட்டில் எழுதுங்கள். திரையையும் ஒரு படம் பிடித்துவையுங்கள். தலைப்பையும் தம்ப்நெயிலையும் சேனல்காரர் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். நீங்கள் குறை சொன்ன தலைப்பு அடுத்த வாரம் அங்கே இல்லாமல் போகலாம்.

பிறகு அந்த வாக்குறுதியை உங்கள் சொல்லில் ஒரு வரியாக்குங்கள். நம் எடுத்துக்காட்டில் தலைப்பு ‘6 மணி நேரத்தில் பஞ்சு போன்ற இட்லி’ என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வாக்குறுதி இரண்டு: நேரம், மென்மை. உங்கள் அளவுகோல் இந்த இரண்டும்தான்.

அளவுகோலை வீடியோவே கையில் தருகிறது என்பது பலருக்குப் பிடிபடுவதில்லை. ‘இட்லியின் சத்துகளைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை’ என்று ஒருவர் எழுதியிருப்பார். அந்த வீடியோ அதைச் சொல்வதாக எங்கேயும் சொல்லவில்லையே! கடையில் கேட்காத பொருளுக்குக் கடைக்காரரிடம் சண்டை போட முடியாது.

எட்டு நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோக்களில்தான் இடையிடையே விளம்பரம் வைக்க யூடியூப் இடம் தருகிறது. 2020 ஜூலைக்கு முன் இந்த வரம்பு பத்து நிமிடமாக இருந்தது. நீளம் 8:04 என்று இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதனாலேயே அது இழுத்தடித்த வீடியோ ஆகிவிடாது. பார்க்கும்போது அந்தச் சந்தேகம் வந்தால் இந்தக் குறிப்பு உதவும்.

4. முதல் பார்வை: பேனாவைத் தொட வேண்டாம்

தொடக்கத்திலிருந்து கடைசி வரை நிறுத்தாமல், இயல்பான வேகத்தில் பாருங்கள். ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்ப்பது பலருக்கு இப்போது பழக்கமாகிவிட்டது. அந்த வேகத்தில் பார்த்துவிட்டு ‘விறுவிறுப்பாகப் போகிறது’ என்றோ ‘மூச்சுவிடாமல் பேசுகிறார்’ என்றோ எழுதுவதில் பொருள் இல்லை.

குறிப்பெடுக்க வேண்டாம் என்பதற்குக் காரணம், நீங்கள் இப்போது சாதாரணப் பார்வையாளர். எங்கே உங்கள் விரல் தானாக எல் விசைக்குப் போனது, எங்கே கைப்பேசியை எடுத்துப் பார்த்தீர்கள், எந்த இடத்தில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தீர்கள் என்பதெல்லாம் இந்த ஒரு முறைதான் உண்மையாக நடக்கும். இரண்டாம் முறை என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிடும்.

முடிந்தவுடன் பின்னால் ஓட்டிப் பார்க்காமல் மூன்று வரி எழுதுங்கள்: என்ன நினைவில் நிற்கிறது, எங்கே அலுப்புத் தட்டியது, இப்போது எழுந்துபோய் இதைச் செய்ய முடியுமா. ஒரு செய்முறை வீடியோவைப் பார்த்து முடித்தவருக்கு அரிசி எத்தனை பங்கு, உளுந்து எத்தனை பங்கு என்று நினைவில்லை என்றால் அது விமர்சனத்தில் இடம்பெற வேண்டிய செய்தி.

5. இரண்டாம் பார்வை: நேரக் குறிப்புகள்

இங்கேதான் நேரம் பிடிக்கும். பத்து நிமிட வீடியோவுக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் வியப்பில்லை. என் நோட்டில் இட்லி மாவு வீடியோவுக்கான பக்கம் இப்படி இருக்கும்:

0:00 முதல் 1:20 வரை: வணக்கம், சேனல் அறிமுகம், வெந்த இட்லியைப் பிய்த்துக் காட்டுகிறார். செய்முறை தொடங்கவில்லை.

2:10: ‘நாலு டம்ளர் இட்லி அரிசி, ஒரு டம்ளர் உளுந்து.’ அதே டம்ளர் என்று காட்டுகிறார். நல்லது.

3:50 முதல் 4:40 வரை: உளுந்து கிரைண்டரில் அரைபடுவது மிக அருகில். ஒரு துளியைத் தண்ணீரில் போட்டு மிதப்பதைக் காட்டுகிறார். கிரைண்டர் சத்தத்தில் பேச்சு பாதி விழுங்கப்படுகிறது.

5:15: ‘தேவையான தண்ணீர்.’ எவ்வளவு? கையளவும் சொல்லவில்லை, டம்ளர் கணக்கும் சொல்லவில்லை.

6:05: கரைத்த மாவு, எவர்சில்வர் பாத்திரம், பாதிக்குக் கீழே.

6:09: பொங்கிய மாவு, விளிம்பு வரை. பாத்திரம் அலுமினியம்.

கடைசி இரண்டு வரிகளைக் கவனியுங்கள். ஆறாவது நிமிடத்தில் நிறுத்தி, சட்டம் சட்டமாக நகர்த்தினால்தான் பாத்திரம் மாறியிருப்பது கண்ணில் படும். இந்த இடத்தில் புதியவர்களுக்கு ரத்தம் கொதிக்கும்; ‘ஏமாற்று வேலை’ என்று எழுதத் தோன்றும். எழுதக் கூடாது. கண்டது பாத்திரம் மாறியிருப்பதை மட்டும்தான். மாவை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கலாம், வேறொரு நாள் எடுத்ததாகவும் இருக்கலாம். ‘6:05-இல் எவர்சில்வர் பாத்திரத்தில் இருந்த மாவு, 6:09-இல் அலுமினியப் பாத்திரத்தில் பொங்கி நிற்கிறது, இரண்டும் ஒரே மாவுதானா என்பதும் எத்தனை மணி நேரம் கழிந்தது என்பதும் வீடியோவில் தெரியவில்லை’ என்று எழுதினால் போதும். தலைப்பின் வாக்குறுதியே 6 மணி நேரம் என்பதால் இந்த ஒரு வரி எத்தனையோ வசவுகளைவிடக் கனமானது.

அடுத்து, ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை படத்தை மட்டும் ஓட்டுங்கள். பேச்சு இல்லாமலே செய்முறை புரிந்தால் ஒளிப்பதிவும் எடிட்டிங்கும் வேலை செய்திருக்கின்றன. பிறகு திரையைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேளுங்கள். அடுப்படியில் கை வேலையாக இருப்பவர் இப்படித்தான் கேட்பார். ‘இதை இதில் இப்படிப் போட்டு’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் அவருக்குப் பயனில்லை. கைப்பேசியின் சொந்த ஒலிபெருக்கியிலும் ஒரு நிமிடம் கேட்டுவிடுங்கள். ஹெட்போனில் இனிமையாக இருந்த பின்னணி இசை அங்கே பேச்சை மூழ்கடித்திருக்கலாம்.

வீடியோவின் விளக்கப் பகுதியில் டிரான்ஸ்கிரிப்ட் (பேச்சின் எழுத்து வடிவம்) இருந்தால் ஒரு சொல் எங்கே வந்தது என்று தேட அது வசதி. ஆனால் தமிழில் தானாக உருவாகும் எழுத்துகள் அடிக்கடி தவறாக வருகின்றன. மேற்கோள் காட்டும் வரியைக் காதால் கேட்டே எழுதுங்கள்.

6. செய்து பார்த்தல், சரிபார்த்தல்

வீடியோ சொன்னபடியே ஒருமுறை செய்யுங்கள். உங்கள் வீட்டு வழக்கத்தை நடுவில் நுழைக்காதீர்கள். ‘நான் கொஞ்சம் வெந்தயம் சேர்த்துக்கொண்டேன், இட்லி நன்றாக வந்தது’ என்றால் அது யாருடைய இட்லி? கிரைண்டர் இல்லாமல் மிக்ஸியில் அரைத்தால் அதை விமர்சனத்தில் சொல்லிவிடுங்கள்.

இடமும் பருவமும் இங்கே முக்கியம். இட்லி மாவைப் புளிக்க வைப்பவை அதில் இயற்கையாக வளரும் பாக்டீரியாக்களும் ஈஸ்ட்டும்; அவற்றுக்கு வெதுவெதுப்பு வேண்டும். மே மாதச் சென்னையில் சில மணி நேரத்தில் பொங்கும் மாவு, டிசம்பர் மாத ஊட்டியில் இரவு முழுவதும் வைத்தாலும் அசையாமல் கிடக்கலாம். எனவே வீடியோ சொன்ன 6 மணி நேரத்தில் உங்கள் மாவு பொங்கவில்லை என்றால் ‘தவறான தகவல்’ என்று முடிவுகட்டுவதற்கு முன், வீடியோ எந்த ஊரில், எந்த மாதத்தில் எடுக்கப்பட்டது என்று சொல்லப்பட்டிருக்கிறதா பாருங்கள். சொல்லப்படவில்லை என்றால் அதுதான் குறை. உங்கள் ஊரையும் மாதத்தையும் நீங்கள் எழுதுங்கள். அதே குறையை விமர்சனமும் செய்யக் கூடாது.

அடுப்பில் சோதிக்க முடியாத பேச்சுகளும் நடுவில் வரும். ‘இந்த இட்லி சர்க்கரை அளவைக் குறைக்கும்’ என்று போகிறபோக்கில் ஒரு வரி. அப்படிப்பட்ட வரிகளைத் தனியாக எடுத்து எழுதுங்கள்: யார் சொல்கிறார், எந்த ஆதாரத்தைக் காட்டுகிறார். ஆதாரம் காட்டவில்லை என்றால் அப்படியே சொல்லுங்கள். நீங்கள் சரிபார்க்காததை ‘சரிபார்க்கவில்லை’ என்று எழுத வெட்கப்பட வேண்டாம். மருந்து, முதலீடு, சட்டம் பற்றிய வீடியோக்களில் இந்தப் படியே விமர்சனத்தின் பெரும்பகுதி. துறை அறிந்த ஒருவரிடம் கேட்காமல் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

பிழை என்று முடிவு செய்யும் முன் விளக்கப் பகுதியையும் மேலே குத்திவைத்திருக்கும் கமெண்டையும் கட்டாயம் படியுங்கள். ‘5:15-இல் தண்ணீர் அளவு சொல்ல மறந்துவிட்டேன், ஒன்றரை டம்ளர்’ என்று சேனல்காரர் அங்கே எழுதியிருக்கலாம். அதைப் படிக்காமல் குறை சொன்னால் உங்கள் விமர்சனம் முழுவதன் மீதும் நம்பிக்கை போய்விடும்.

7. பணமும் இலவசமும்

வீடியோவின் தொடக்கத்தில் சில நொடிகளுக்குக் கட்டண விளம்பரம் இருப்பதாக ஒரு அறிவிப்பு தோன்றுகிறதா என்று பாருங்கள். இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021-இலும் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், பணம் மட்டுமன்றி இலவசமாகப் பெற்ற பொருளையும் பார்வையாளருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கின்றன. இட்லி வீடியோவில் கிரைண்டரின் பெயர்ப்பலகை மூன்று முறை அருகில் காட்டப்பட்டு, எந்த அறிவிப்பும் இல்லை என்றால், அந்த மூன்று நேரங்களையும் எழுதுங்கள். பணம் வாங்கினார் என்று எழுதாதீர்கள்.

சேனல்காரரைத் தெரியும், அந்தப் பொருளை விற்கிறீர்கள், யாரோ எழுதச் சொன்னார்கள் என்றால் அதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். கடைசி வரியில் சொன்னால் ஒளித்ததாகத்தான் படும்.

8. ஒரு வரித் தீர்ப்பு

வரைவைத் தொடங்கும் முன் தீர்ப்பை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அதில் யாருக்கு என்பது கட்டாயம் இருக்க வேண்டும். இருக்கும் குறிப்புகளை எல்லாம் கொட்டிவிடத் தோன்றும். எதை விட வேண்டும் என்பதை இந்த வரிதான் தீர்மானிக்கும்.

‘வீட்டில் கிரைண்டர் வைத்திருக்கும் புதியவருக்கு உளுந்து அரைக்கும் பகுதி கண்டிப்பாக உதவும்; ஆனால் 6 மணி நேரக் கணக்கை நம்பி மறுநாள் காலைக்கு விருந்தினரை அழைக்க வேண்டாம்.’

பாத்திரம் மாறியது, நேரம் தெரியாதது, ஊர் சொல்லாதது எல்லாம் இந்த வரிக்கு ஆதாரமாக உள்ளே வரும். அறிமுக இசை கொஞ்சம் இரைச்சல் என்ற குறிப்பு வெளியே போய்விடும். போகட்டும்.

9. வரைவு எழுதும் வரிசை

முதல் பத்தியில் எந்த வீடியோ, எவ்வளவு நீளம், என்ன வாக்களிக்கிறது, உங்கள் தீர்ப்பு என்ன. திரைப்பட விமர்சனம்போல் தீர்ப்பைக் கடைசி வரை தள்ளிப்போடாதீர்கள். படிப்பவர் ஒரு முடிவெடுக்க வந்திருக்கிறார்.

அடுத்து, வீடியோவில் என்ன இருக்கிறது என்பதை மூன்று நான்கு வரிகளில் சொல்லிவிடுங்கள். இங்கேதான் பெரும்பாலான வரைவுகள் வழுக்கி விழுகின்றன. ‘முதலில் அரிசியைக் கழுவுகிறார், பிறகு ஊறவைக்கிறார், பிறகு...’ என்று கடைசி வரை கதை சொல்லிவிட்டு, ‘மொத்தத்தில் நல்ல வீடியோ’ என்று முடிப்பார்கள். வரைவில் ‘பிறகு’ என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். அடுத்தடுத்து வந்தால் நீங்கள் எழுதியது சுருக்கம்.

பிறகு சிறப்பு, அதன்பின் குறை. இரண்டுக்கும் நேரக் குறிப்பும் விளைவும் வேண்டும். விளைவு என்றால், அதனால் பார்ப்பவருக்கு என்ன ஆகிறது என்பது. ஒரு வரைவில் வந்த மூன்று வாக்கியங்கள் இவை:

‘வீடியோ மிகவும் அருமை. எடிட்டிங் சூப்பர். ஆனால் தண்ணீர் அளவு சரியாகச் சொல்லவில்லை.’

திருத்தியபின்:

‘உளுந்து எந்தப் பதத்துக்கு அரைபட வேண்டும் என்பதை 3:50 முதல் 4:40 வரை மிக அருகில் காட்டுகிறார், தண்ணீரில் துளி மிதக்கும் சோதனை இருப்பதால் புதியவர் தானாகவே சரிபார்த்துக்கொள்ளலாம். 5:15-இல் அரிசிக்கு ‘தேவையான தண்ணீர்’ என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுகிறார். அளவு தெரியாமல் நான் ஊற்றியதில் மாவு நீர்த்து, முதல் ஈடு தட்டையாக வந்தது.’

‘அருமை’, ‘சூப்பர்’ இரண்டும் போய்விட்டன. பாராட்டு கூடத்தான் செய்திருக்கிறது.

குறை சொல்லும்போது அதைச் சரிசெய்ய எத்தனை நொடி தேவைப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ‘ஒன்றரை டம்ளர்’ என்று சொல்ல ஒரு நொடி போதும். அது நியாயமான எதிர்பார்ப்பு. தனியாளாக வீட்டில் எடுப்பவரிடம் மூன்று கேமரா கோணம் கேட்பது நியாயமில்லை.

10. ஆளை விட்டுவிடுங்கள்

பேசுபவரின் உடை, உடல்வாகு, நிறம், குரலின் இனிமை இவற்றில் எதுவும் மாவைப் பொங்க வைப்பதில்லை. பெண்கள் நடத்தும் சேனல்களுக்கு வரும் கமெண்டுகளில் இதுதான் நிறைய இருக்கிறது. விமர்சனத்திலும் அதைக் கொண்டுவர வேண்டியதில்லை.

வட்டார வழக்கும் அப்படியே. நெல்லைத் தமிழோ, கொங்குத் தமிழோ, யாழ்ப்பாணத் தமிழோ குறை ஆகாது. பொருள்களின் பெயர் ஊருக்கு ஊர் மாறும் இடத்தில் பார்ப்பவர் தடுமாறக்கூடும் என்றால் அந்தச் சொல்லை எடுத்து விளக்கிவிடுங்கள். அது வாசகருக்குச் செய்யும் உதவி.

11. படமும் மேற்கோளும்

விமர்சனத்துக்காக ஒரு படைப்பிலிருந்து நியாயமான அளவு எடுத்துக்காட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. நியாயமான அளவு என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு: நீங்கள் ஒரு கருத்துச் சொல்லும் இடத்துக்கு மட்டும் படம். இரண்டு பாத்திரங்களையும் அருகருகே காட்டும் படம் வேண்டும்; தட்டில் அழகாக அடுக்கிய இட்லி வேண்டியதில்லை. செய்முறையை அப்படியே எழுத்தில் இறக்கிவைத்தால், வீடியோவைப் பார்க்க வேண்டிய தேவையே போய்விடும். அது விமர்சனத்தில் சேராது.

சேனலின் பெயரும் இணைப்பும் கட்டாயம். பகிரும் பெட்டியில் தொடங்கும் நேரத்தைக் குறித்துவிட்டால், இணைப்பைத் தட்டியவுடன் வீடியோ நேராக அந்த இடத்திலிருந்து ஓடும். வாசகர் நீங்கள் சொல்வதை ஐந்து நொடியில் சரிபார்த்துவிடலாம். படத்தில் குழந்தைகள் முகம் தெரிந்தால் வீடியோவிலிருந்து வேறு ஃபிரேமைத் தேர்ந்தெடுங்கள்.

12. வெளியிடும் நாளிலும் அதற்குப் பிறகும்

வெளியிடும் முன் எல்லா நேரக் குறிப்புகளையும் இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். வெளியான வீடியோவின் நடுப்பகுதியை அதே முகவரியிலேயே வெட்டி நீக்க யூடியூப் வழி தருகிறது. சேனல்காரர் அறிமுகத்தில் அரை நிமிடத்தை வெட்டியிருந்தால் உங்கள் குறிப்புகள் எல்லாம் அரை நிமிடம் தள்ளிப்போயிருக்கும். அதனால்தான் விமர்சனத்தின் தலையில் ‘பார்த்த தேதி’ என்று ஒரு வரி வேண்டும்.

சேனல்காரர் விளக்கம் தந்தால், அது சரியாகவும் இருந்தால், பழைய வரியைச் சத்தமில்லாமல் அழிக்காதீர்கள். கீழே தேதியிட்டுத் திருத்தமாகச் சேருங்கள்: ‘பாத்திரம் மாறியதற்குக் காரணம் மாவை இரண்டாகப் பிரித்து வைத்ததுதான் என்று சேனல் விளக்கியிருக்கிறது; புளிக்க 9 மணி நேரம் ஆனது என்றும் சேர்த்திருக்கிறார்கள்.’ தலைப்பு இன்னும் 6 மணி நேரம் என்றே இருந்தால் அதையும் அடுத்த வரியில் குறிப்பிடுங்கள்.

வீடியோவே நீக்கப்பட்டுவிட்டால் விமர்சனத்தை எடுக்க வேண்டியதில்லை. நீக்கப்பட்டதை மேலே ஒரு வரியில் சொல்லி, செயலிழந்த இணைப்பை அகற்றிவிட்டு, மூன்றாம் படியில் திரையைப் பிடித்துவைத்த படத்தை அந்த இடத்தில் போடுங்கள்.